தேச அணியும் தலைக்கட்டு வரியும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விலைவாசி, வேலையின்மை, விவசாயிகளின் கஷ்டம் முதலிய எத்தனையோ விஷயங்கள் காத்திருக்க, பதினொரு பேர் பந்தை உதைப்பதைப் பற்றி என்ன விசாரம் என்று அவர்கள் கேட்கலாம். ஆனால், தேசத்தின் பெயரை மார்பில் தாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் சொந்த மண்ணில் களத்தில் இறங்கும்போது, அந்தத் தேசத்தின் ஜனங்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. அது ஜனங்களுக்கும் தேசத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய கேள்வி. ஆகவேதான் அதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

2018-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி மும்பையில் அந்தேரி மைதானத்தில் இந்திய அணி சீனத் தைபே அணியை எதிர்த்து ஆடியது. இந்தியா ஐந்து கோல் போட்டது. எதிரணிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அணித் தலைவர் ஸ்ரீ சுனில் சேத்ரி ஒருவரே மூன்று கோல் போட்டார். இவ்வளவு பெரிய வெற்றியை நேரில் கண்டவர்கள் எத்தனை பேர்? 2,569 பேர்! ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் நகரத்தில் இவ்வளவுதான். புதுக்கோட்டை ஜில்லாவில் நடுத்தரமான ஒரு கிராமத்து ஜல்லிக்கட்டுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் கூடும்; அதற்கு யாரும் போய் அழைக்க வேண்டியதுமில்லை.

மறுநாள் சேத்ரி ஒரு காரியம் செய்தார். எங்களை ஏசுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் அதை மைதானத்துக்கு வந்து எங்கள் முகத்துக்கு நேரே செய்யுங்கள் என்ற கருத்துப்பட ஒரு வேண்டுகோளைப் பேசிப் படம் பிடித்து வெளியிட்டார். அந்த வேண்டுகோள் தேசமெங்கும் பரவிற்று. 4-ந் தேதி கென்யா அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு டிக்கட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. கொட்டும் மழையிலும் ஜனங்கள் எழுந்து போகவில்லை. அன்று சேத்ரிக்கு அது நூறாவது சர்வதேச ஆட்டம். இரண்டு கோல் அவர் போட்டார். இந்தியா மூன்று கோலுக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கில் ஜயித்தது.

எல்லாரும் இதை ஓர் ஆனந்தமான கதையாகச் சொல்லி மகிழ்ந்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். ஆனால், கொஞ்சம் நிதானித்து யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு தேசத்தின் அணித் தலைவன் தன் ஜனங்களைப் பார்த்துக் கை கூப்பி அழைக்க நேர்ந்தது பெருமையா? ஒருமுறை கை கூப்பினால் ஒரு வாரம் கூட்டம் வரும். அடுத்த வருஷமும் வர வேண்டுமானால் அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். வேண்டுகோள் ஆவேசத்தை எழுப்பும். ஏற்பாடு ஒன்றே வழக்கத்தை உண்டாக்கும்.

பழைய சரித்திரம்

நமது ஜனங்களுக்குக் கால்பந்தில் அபிமானம் இல்லை என்று சொல்வோர் சரித்திரம் அறியாதவர்கள். 1911-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி கல்கத்தாவில் நடந்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அன்று மோகன் பகான் சங்கத்தார் ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயத்தில் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை எதிர்த்து ஆடினார்கள். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரே இருந்தவர்கள் பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்கள். வங்கம் துண்டாடப்பட்ட காயம் ஆறாதிருந்த காலம் அது.

அன்று கூடிய ஜனங்கள் அறுபதினாயிரம் என்றும் எண்பதினாயிரம் என்றும் சொல்லுகிறார்கள். விசேஷ ரயில் விடப்பட்டது. கப்பல்களிலும் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் டிக்கட்டுகள் பதினைந்து ரூபாய் வரையில் கைமாறின. மைதானத்துக்குள் நுழைய முடியாதவர்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டு, அதில் கோல் கணக்கை எழுதிக் காட்டினார்கள். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் போட, மோகன் பகான் இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தபோது, அது ஒரு சங்கத்தின் வெற்றியாக இல்லாமல் தேசத்தின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. நமக்கென்று தேச அணி அமையாத காலத்திலேயே ஜனங்கள் தங்களுக்கு ஒரு தேச அணியை உண்டாக்கிக்கொண்டார்கள்.

சுதந்திரம் வந்த பின் 1951-ம் வருஷம் புதுடில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு நடந்தது. நமது மண்ணில், நமது ஜனங்களின் முன்பாக, மேவாலால் போட்ட ஒரே கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. பதினொரு வருஷம் கழித்து ஜகார்த்தாவில் நடந்தது இதற்கு நேர் விரோதமானது. அங்கே 1962-ல் ராஜீயச் சச்சரவு ஒன்றின் காரணமாக இந்தியாவின் மீது கோபம் மூண்டிருந்தது. லட்சம் ஜனங்கள் கூடியிருந்த மைதானத்தில் நமது அணிக்குக் கேட்டதெல்லாம் கூச்சலும் இகழ்ச்சியுமே. அந்த இரைச்சலின் நடுவே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று, ஸையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த அந்த வீரர்கள் தங்கத்தோடு திரும்பினார்கள். லட்சம் பேர் விரோதமாகக் கத்தும்போது ஆடுவது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆயிரம் காலி நாற்காலிகளுக்கு எதிரே ஆடுவது எப்படி இருக்கும் என்பதை அவர்களுடைய பேரப் பிள்ளைகள் மும்பையில் அறிந்துகொண்டார்கள்.

ஜயித்தால் வருவார்களா?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. அணி முதலில் ஜயிக்கட்டும், ஜனங்கள் தாமே வருவார்கள் என்பது அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் நடந்த விஷயங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்து கோல் போட்டு ஜயித்த அணியைக் காண 2,569 பேர் வந்ததை மேலே கண்டோம். 2024-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் நடந்த ஆட்டத்தில் இரு தரப்பாரும் ஒரு கோலும் போடவில்லை. அதைக் காண 58,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் கூடினார்கள். காரணம் என்ன? அது சேத்ரி விடைபெறும் ஆட்டம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. (அடுத்த வருஷம் அவர் அணிக்குத் திரும்பியது வேறு விஷயம்.) 2017-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டோரின் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது நமது சிறுவர்கள் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஆயினும் அந்தப் போட்டி முழுவதையும் மைதானத்துக்கு வந்து கண்டவர்களின் தொகை 13,47,133. அந்த வயதினரின் உலகக் கோப்பைகளில் அதற்கு முன் எங்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

ஆகவே, வெற்றி வந்தால் கூட்டம் வரும் என்பதும், தோல்வி வந்தால் கூட்டம் போகும் என்பதும் பாதி உண்மைகள். தாங்கள் ஒரு பெரிய காரியத்தில் பங்கு கொள்கிறோம் என்ற உணர்ச்சி ஏற்படும்போது ஜனங்கள் வருகிறார்கள். தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் கேட்பாரில்லை என்று தோன்றும்போது வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

பணம் கொடுக்க ஜனங்களுக்கு மனமில்லை என்ற வாதமும் நிற்காது. 2025-ம் வருஷம் டிசம்பர் மாதம் 13-ந் தேதி அதே சால்ட் லேக் மைதானத்துக்கு அர்ஜென்டினா வீரர் லயோனல் மெஸ்ஸி வந்தார். அன்று அவர் பந்தாட வரவில்லை. முகம் காட்ட வந்தார். அதற்கு ஜனங்கள் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து டிக்கட் வாங்கினார்கள். பிரமுகர்களும் படம் பிடிப்போரும் அவரைச் சூழ்ந்துகொள்ள, டிக்கட் வாங்கியவர்கள் அவரைச் சரியாகக் காண முடியாமலே அவர் சில நிமிஷங்களில் போய்விட்டார். கொதித்தெழுந்த ஜனங்கள் நாற்காலிகளைப் பெயர்த்து எறிந்தார்கள். அவர்கள் செய்தது சரியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுத்தவன் பின்னால் நிற்க, செல்வாக்குள்ளவன் முன்னால் நிற்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது தக்க உதாரணம். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அக்டோபர் 14-ந் தேதி, கோவாவில் மட்காவ் மைதானத்தில் சிங்கப்பூரிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை நமது அணி இழந்திருந்தது. அந்தத் துக்கத்துக்கு எத்தனை பேர் அழுதார்கள்?

பிற தேசங்களின் ஏற்பாடு

கால்பந்தாட்டம் வேரூன்றிய தேசங்களில் இந்த விஷயத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் தேச அணியின் அபிமானிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அங்கத்தினர் சந்தா கட்டுகிறார்கள். அணி ஆடும் ஆட்டத்துக்கு ஒருவர் வந்தால் அவர் கணக்கில் புள்ளி ஏறுகிறது. தேசத்துக்காக ஆடும் வீரனுக்குத் தொப்பி வழங்குவது அங்கே பழைய சம்பிரதாயம். அதை ஒட்டி அபிமானியின் புள்ளியையும் ‘தொப்பி’ என்றே அழைக்கிறார்கள். வெளிநாட்டு ஆட்டங்களுக்கும் உலகக் கோப்பைக்கும் டிக்கட் குறைவாகக் கிடைக்கும்போது, தொப்பி அதிகம் உள்ளவருக்கு முதல் இடம். ஜெர்மனியிலும் 2003-ம் வருஷம் முதல் தேச அணியின் அபிமானிகளுக்கென்று ஒரு சங்கம் நடந்து வருகிறது.

இதன் தத்துவம் எளிது. மழையிலும் குளிரிலும் உப்புச் சப்பில்லாத ஆட்டத்துக்கு வந்தவன் பெயர் பேரேட்டில் ஏறியிருக்கிறது. பெரிய நாள் வரும்போது, நேற்றைக்குப் புதிதாய் வந்த பணக்காரனுக்கு முன்னால் அவனுக்கு இடம் உண்டு. விசுவாசத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்குக்கு ஒரு மரியாதை இருக்கிறது. டிக்கட்டைக் கள்ள விலைக்கு விற்பதைத் தடுக்கவும் அங்கே சட்டம் உண்டு. இங்கிலாந்தில் 1994-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, குறிப்பிட்ட கால்பந்தாட்டங்களின் டிக்கட்டை அனுமதியின்றி விற்பது குற்றம்.

இத்தகைய பேரேடு எவ்வளவு அவசியமென்பது 2025-ம் வருஷக் கடைசியில் உலகத்துக்கே தெரிந்தது. 2026 உலகக் கோப்பையின் டிக்கட் விலையைக் கேட்டு ஐரோப்பாவில் அபிமானிகள் கொதித்தெழுந்தார்கள். கண்டனம் வலுத்த பின், ஒவ்வொரு தேசச் சங்கத்துக்கும் ஒதுக்கிய டிக்கட்டுகளில் பத்தில் ஒரு பங்கை 60 டாலருக்குக் கொடுப்பதாக சர்வதேச சம்மேளனம் அறிவித்தது. அவற்றை விசுவாசமுள்ள அபிமானிகளுக்கே கொடுக்க வேண்டும், அவர்கள் யார் என்பதை அந்தந்தத் தேசச் சங்கமே தீர்மானிக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. பேரேடு வைத்திருந்த சங்கம் உடனே அதை எடுத்துப் புரட்டலாம். வைத்திராத சங்கம் என்ன செய்யும்? கேட்டவர்க்கும் சிபாரிசு பெற்றவர்க்கும் கொடுக்கும்.

இந்த ஏற்பாடுகளில் குறை இல்லாமல் இல்லை. சந்தா கட்ட வசதியில்லாத ஏழை பேரேட்டில் ஏறுவதில்லை. பழைய அங்கத்தினர் முன் வரிசையை நிரப்பிவிட்டால் வாலிபர்களுக்கு வாசல் அடைபடுகிறது. தலைநகரத்தில் இருப்பவன் சுலபமாகப் புள்ளி சேர்ப்பான். தூரத்து ஊர்க்காரன் சேர்க்க மாட்டான். ஆகவே, அயல் நாட்டுச் சரக்கை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதன் சாரம் நம்மிடமே பழைய காலம் தொட்டு இருந்து வருகிறது.

நம்மிடம் உள்ள முறை

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களுக்குத் தலைக்கட்டு வரி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழா என்றாலும் ஜல்லிக்கட்டு என்றாலும் ஊர் கூடிக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் நோட்டில் ஏறுகிறது. கீரமங்கலத்திலோ பொன்னமராவதியிலோ பிறந்து சிங்கப்பூரில் பிழைப்பவரும், அந்த வருஷம் ஊருக்கு வர முடியாவிட்டாலும், தம் வரியைத் தவறாமல் அனுப்பிவிடுகிறார். ஏன்? வரி கொடுத்தால்தான் ஊரில் தலை உண்டு. நோட்டில் பெயர் இருக்கும்வரை திருவிழா அவருடையது. காளை அவருடையதல்ல; பிடிப்பவனும் அவர் மகனல்ல; ஆயினும் வாடிவாசல் திறக்கும்போது அவர் நெஞ்சு துடிக்கிறது. ஊர்க்காரரைத் திருவிழாவுக்கு வரச் சொல்லி யாரும் கை கூப்ப வேண்டியிராததன் ரகசியம் இதுதான். அவர் வேடிக்கை பார்க்க வருபவரல்லர், பங்குதாரர்.

இதன் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. ஒரு சாராரிடம் வரி வாங்க மறுத்து, அதனாலேயே அவர்களைத் திருவிழாவுக்குப் புறம்பாக நிறுத்தும் கொடுமையும் நமது கிராமங்களில் உண்டு. பெயர் எழுதும் நோட்டு எதுவாயினும், யாருடைய பெயரை எழுத மறுக்கிறது என்று கேட்டே அதன் தர்மத்தை நிர்ணயிக்க வேண்டும். தேச அணிக்கு ஒரு பேரேடு திறக்கப்படுமானால், அதில் ஏழை என்றோ, தூரத்து ஊர்க்காரன் என்றோ, பெண் என்றோ, ஜாதி என்றோ ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையோடு, தலைக்கட்டு வரியின் நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டால் நமக்கு வேண்டிய ஏற்பாடு கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியவை

1937-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தாருக்கு நாம் சொல்லக்கூடிய யோசனைகள் இவை.

முதலாவதாக, தேசம் முழுவதற்கும் ஒரே பேரேடு வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நகரம், மற்றோர் ஆட்டத்துக்கு மற்றொரு நகரம் என்று ஒவ்வோரிடத்திலும் புதிதாகக் கடை விரித்து டிக்கட் விற்பதனால், போன ஆட்டத்துக்கு வந்தவன் யார் என்பதே தெரியாமல் போகிறது. பெயர் பதிவதற்கு எவரிடமும் காசு கேட்கலாகாது. வந்த ஆட்டம் ஒவ்வொன்றும் அவர் கணக்கில் ஏற வேண்டும். பெண்கள் அணியின் ஆட்டமும் சிறுவர் அணியின் ஆட்டமும் அதே கணக்கில் சேர வேண்டும். 2025-ம் வருஷம் ஜூலை மாதம் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றவர்கள் நமது பெண்களே. அவர்கள் 2023 பிப்ரவரியில் சென்னையில் நேபாளத்தோடு ஆடியபோது வந்தமர்ந்தவர்களுக்கு ஒரு புள்ளி அதிகமாகவே கொடுக்கலாம்.

இரண்டாவதாக, மெலிந்த நாளில் வந்தவனுக்கு மேலான மதிப்பு வேண்டும். ஆசியக் கோப்பை வாய்ப்புப் பறிபோன பிறகு நடக்கும் ஆட்டத்துக்கு வருபவனே உண்மையான அபிமானி. அவன் கணக்கில் இரட்டைப் புள்ளி ஏறட்டும். இப்படிச் செய்தால் புதிதாக வரும் வாலிபனும் சில ஆட்டங்களில் பழையவனுக்குச் சமமாக வந்துவிடுவான்; வாசல் அடைபடாது.

மூன்றாவதாக, விலை. மைதானத்தில் ஒரு பகுதியை என்றென்றைக்கும் குறைந்த விலைக்கே வைத்திருக்க வேண்டும். ஆட்டம் பெரிதென்று அதை உயர்த்தலாகாது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு என்ற செப்புக் காசு வழங்கிவந்தது. ஓரணாவில் இருபதில் ஒரு பங்கே அதன் மதிப்பு. ஒரு புறம் பிரகதாம்பாளும் மறு புறம் விஜய என்ற எழுத்தும் பொறித்த அந்தக் காசு அடியோடு ஏழையின் கையிலும் புழங்கியது. ஆயினும் அது சமஸ்தானத்தின் நாணயம் என்ற கௌரவத்துக்குக் குறைவில்லை. தேச அணியின் கடைசி வரிசை டிக்கட் அத்தகைய காசாக இருக்க வேண்டும்: கையில் இருப்பது சொற்பமானாலும் அதைக் கொடுத்து எவனும் உள்ளே வரலாம். சம்மேளனத்தின் வருமானம் குறையுமே என்று கேட்கலாம். காலி நாற்காலி எந்த விலைக்கு விற்றது?

நான்காவதாக, தூரத்து ஜில்லாக்களுக்குப் பங்கு. இந்தியாவின் ‘சொந்த மைதானம்’ என்பது புதுக்கோட்டைக்காரனுக்கு எங்கே இருக்கிறது? 2019-ல் ஓமனோடும் 2024-ல் ஆப்கானிஸ்தானத்தோடும் கௌஹாத்தியில் ஆடினார்கள். ரயிலில் போனால் அங்கே சேர இரண்டு நாளுக்குக் குறையாது. 2025 மார்ச்சில் வங்க தேசத்தோடு ஷில்லாங்கில் ஆடினார்கள். பெங்களூரில் 2023-ல் தெற்காசியக் கோப்பையின் இறுதியில் குவைத்தை வென்ற ஆட்டம் ஒரு இரவுப் பிரயாணத்தில் எட்டக்கூடியது. எட்டினாலும், ஆட்டத்தின் தேதியும் இடமும் வெகு நாள் முன்னதாகத் தெரிந்தால் அல்லவா அறந்தாங்கியில் கூலி வேலை செய்யும் வாலிபன் லீவு சொல்லிக் காசு சேர்த்துப் புறப்பட முடியும்? தேதியையும் இடத்தையும் மூன்று மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சில நூறு டிக்கட்டுகளைத் தூரத்து ஜில்லாக் கால்பந்துச் சங்கங்களின் மூலம் பேரேட்டில் உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும். அறந்தாங்கி வாலிபனுக்கு ஒரு புள்ளி சேர்க்கச் செலவாகும் காலமும் காசும் மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பவனைப் போல் பத்து மடங்கு. ஆகவே தூரத்துக்கும் புள்ளி வேண்டும்.

கடல் கடந்த ஊர்களில் உழைப்பவர்களையும் மறக்கலாகாது. 2024 ஜனவரியில் கட்டாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியாவை எதிர்த்தபோது மைதானத்தை நிரப்பியவர்களில் பெரும் பகுதி அங்கே உழைத்துப் பிழைக்கும் இந்தியர்கள். அவர்கள் பெயரும் பேரேட்டில் ஏற வேண்டியதே. லீவில் ஊர் திரும்பும்போது கொச்சியிலோ பெங்களூரிலோ ஓர் ஆட்டம் நடந்தால், அவர்களுக்கு அங்கே ஓர் ஆசனம் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, இனாம் டிக்கட். பிரமுகர்களுக்கென்று ஒதுக்கும் ஆசனங்கள் எத்தனை, யாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதை ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இனாமாகப் பெற்றவர் வராமற் போனால் அந்த ஆசனம் காலியாகக் கிடக்கும். வெளியே ஒருவன் டிக்கட் இல்லாமல் நிற்பான். ஒருவர் வாங்கிய டிக்கட்டைப் பயன்படுத்த முடியாவிட்டால், வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுக்கவும், பேரேட்டில் அடுத்தவருக்கு அது போகவும் வழி செய்ய வேண்டும். சினிமாக் கொட்டகை வாசலில் கள்ள டிக்கட் விற்ற கதை தேச அணியின் வாசலில் நடக்கலாகாது.

அபிமானியின் கடமை

சம்மேளனத்தார் செய்ய வேண்டியதைச் சொன்னோம். ஜனங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. 2017-ம் வருஷம் தொடங்கிய ‘நீல யாத்ரிகர்’, அதாவது ‘புளூ பில்கிரிம்ஸ்’ என்ற அபிமானிகள் சங்கத்தார், அணி போகுமிடமெல்லாம் போய்க் குரல் கொடுத்து வருகிறார்கள். யாத்ரிகர் என்ற பெயர் மிகப் பொருத்தமானது. பழனிக்கு நடப்பவன், இந்த வருஷம் வேண்டுதல் பலித்ததா என்று கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. 2025 நவம்பரில் உலக வரிசையில் 142-ம் இடத்துக்குச் சரிந்த அணியோடு நடப்பதற்கும் அத்தகைய மனம் வேண்டும்.

தேசத்துக்காகக் களத்தில் இறங்கியவரைத் தனியே விட்டுவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் புதுக்கோட்டை ஜில்லா அறியும். கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006-ம் வருஷம் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பால் பரிசோதனையின் பேரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஜயித்த அன்று கைதட்டிய தேசம் மறுவாரம் வாய் மூடிக்கொண்டது. 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலிக்கு உழைக்கிறார் என்ற செய்தி வந்தபோதுதான் பலருக்கு அவர் ஞாபகமே வந்தது. அவரோ அதற்குள் தம் ஜில்லாவின் ஏழைச் சிறுவர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்திருந்தார். தேசம் அவருக்குக் காட்டாத விசுவாசத்தை அவர் தேசத்துக்குக் காட்டினார்.

மைதானத்தில் நிறைந்திருக்கும் ஆசனம் ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி. நீ தோற்றாலும் நான் இங்கே இருப்பேன் என்று அது வீரனிடம் சொல்லுகிறது. அந்த வாக்குறுதியைக் கொடுக்க மனமுள்ளவர்கள் இந்தத் தேசத்தில் லட்சக்கணக்காக இருக்கிறார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1911-ல் காற்றாடியைப் பார்த்துக் கோல் கணக்கு அறிந்து ஆரவாரித்தவர்களின் சந்ததியார் அவர்கள். அவர்களுக்குப் பேரேட்டில் ஒரு வரியும், கையில் கொடுக்கக்கூடிய விலையில் ஒரு டிக்கட்டும், உட்காருவதற்கு ஓர் ஆசனமும் கொடுங்கள்.

வாலிப நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சம்மேளனம் பேரேடு திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் திருமயத்திலும் பத்துப் பேர் சேர்ந்து இன்றே ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து உங்கள் பெயர்களை எழுதுங்கள். மாதம் ஆளுக்குக் கொஞ்சம் என்று உண்டியலில் போடுங்கள். தெற்கே எந்த ஊரில் தேச அணி ஆடினாலும், ஆணணியானாலும் பெண்ணணியானாலும், அந்தப் பணத்தில் உங்களில் நாலு பேரையாவது அனுப்பி வையுங்கள். திரும்பி வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அடுத்த ஆட்டத்துக்கு வேறு நாலு பேர் போகட்டும். ஊர் திருவிழாவை இப்படித்தான் நம் முன்னோர் நடத்தினார்கள். தேசத்தின் திருவிழாவையும் இப்படியே நடத்தலாம்.